தலையில் டீலைட் ஏந்தும் தூண் மெழுகு

இந்த அத்தியாயத்தில் வார்க்கப்போகும் தூணுக்குத் திரி கிடையாது. உச்சியில் ஒரு வட்டக் குழி இருக்கும். அதற்குள் அலுமினியக் கிண்ணத்தோடு ஒரு டீலைட் உட்காரும். எரிவது அந்த டீலைட் மட்டும்தான். ஏறக்குறைய நான்கு மணி நேரம் எரிந்து முடிந்ததும் காலிக் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். தூண் குறையாமல் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும்.

பெயருக்கு மெழுகுவர்த்தி என்றாலும் வேலையால் இது மெழுகில் செய்த விளக்குத்தண்டு. மெழுகுவர்த்தி செய்யப் பழகியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். எரியும் மெழுகுவர்த்தி அளவாக உருக வேண்டும், அதற்கென்று மெழுகையும் திரியையும் பொருத்துகிறோம். இந்தத் தூண் உருகவே கூடாது. எந்த மெழுகு, எவ்வளவு அகலம், குழி எவ்வளவு ஆழம், என்ன சாயம், வாசனை சேர்க்கலாமா என்று எந்தச் சந்தேகம் வந்தாலும், தூண் உருகாமல் இருக்க எது உதவும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

திரியுள்ள பெரிய தூண் மெழுகுவர்த்தி நடுவில் குழிந்துகொண்டே போய், ஓரம் மட்டும் கூடாக நின்று, ஒருநாள் சுடர் உள்ளே மூழ்கி அணைந்துவிடும். அரைக் கிலோ மெழுகில் பாதி வீணாகிவிடும். டீலைட் தூணில் அந்த நட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசை, கிறிஸ்துமஸ் குடில், மின்வெட்டு நேரம், நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டம் என்று ஒரே தூண் பல இடங்களுக்குப் போய் வரும். செலவாவது சிறிய டீலைட் ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் கல்லறைத் திருநாளுக்கு இத்தகைய தூண்களைத்தான் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். மெல்லிய மெழுகுவர்த்திகள் காற்றில் சாய்ந்து வழிந்து கல்லறைக் கல்லில் கறையாகிவிடும். டீலைட்டில் அந்த வழிசல் கிடையாது.

முதலில் கிண்ணத்தை அளந்துகொள்ளுங்கள்

டீலைட் எரியும் விதத்தைக் கவனித்தால் வடிவமைப்பு பாதி புரிந்துவிடும். சாதாரண மெழுகுவர்த்தியில் சுடரைச் சுற்றி ஒரு சிறு குளம் மட்டும் உருகும். மீதி மெழுகு கெட்டியாகவே நின்று அந்தக் குளத்துக்குக் கரையாகிறது. டீலைட்டில் கொஞ்ச நேரத்திலேயே கிண்ணத்திலுள்ள மெழுகு முழுதும் தண்ணீர்போல ஆகிவிடும். அதனால்தான் அதற்கு உலோகக் கிண்ணம் கட்டாயம். திரியை நிற்கவைக்க அடியில் ஒரு தகடும் உண்டு. முழுதும் உருகிய மெழுகைத் தாங்கும் அந்தக் கிண்ணத்தின் சுவர் எவ்வளவு சூடாகும் என்று யோசித்துப் பாருங்கள். மெழுகின் உருகுநிலையை அது தாண்டித்தான் இருக்கும். அந்தச் சுவரைத்தான் நம் தூணுக்குள் செருகப்போகிறோம். கிண்ணத்துக்கும் தூணுக்கும் நடுவே சூடு கடப்பதைக் குறைக்க முடிந்ததையெல்லாம் செய்ய வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் டீலைட் பெரும்பாலும் 38 மி.மீ. விட்டம் இருக்கும். உயரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 14 முதல் 18 மி.மீ. வரை பார்க்கலாம். ஜம்போ என்று விற்கும் பெரிய வகையும் உண்டு, அது இந்தக் குழிக்குள் போகாது. நீங்கள் வழக்கமாக எதை வாங்குகிறீர்களோ அதில் ஒன்றை எடுத்து விளிம்போடு சேர்த்து அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

குழியின் விட்டம் கிண்ணத்தைவிட 2 மி.மீ. பெரிதாக, அதாவது 40 மி.மீ. இருக்கட்டும். சுற்றிலும் 1 மி.மீ. காற்று இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளி சூட்டைத் தடுக்கும், கிண்ணம் சிக்காமல் வெளியே வரவும் உதவும். ஆழத்தைப் பொறுத்தவரை, கிண்ணத்தின் விளிம்பு தூணின் மேற்பரப்பைவிட 2 அல்லது 3 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். விரலால் பிடித்து எடுக்கவும் அதுவே வசதி.

இந்த ஆழத்தில்தான் ஆசை குறுக்கே வரும். சுடர் தூணுக்குள் ஆழமாக இருந்தால் மெழுகுச் சுவர் முழுதும் பொன்னிறமாக ஒளிரும், அது உண்மையிலேயே அழகு. ஆனால் 40 மி.மீ. அகலக் கிணற்றுக்குள் சுடரை இறக்கினால் சூடு வெளியேற வழி இல்லை. டீலைட்டின் மெழுகு அளவுக்கு மீறிச் சூடேறும், சுடர் பெரிதாகிப் புகையும், குழியின் வாய் உருகிக் கிண்ணத்துக்குள்ளேயே சொட்டும். ஒளிரும் சுவர்தான் வேண்டும் என்றால் அதற்கு வேறு பொருள் செய்ய வேண்டும்: 15 செ.மீ. விட்டமுள்ள, உள்ளே காலியான மெழுகுக் கூடு. சுடர் எந்தச் சுவருக்கும் அருகில் வராத அளவு அது அகலமாக இருக்கும். திடத்தூணைக் குடைந்து ஆழப்படுத்துவது அதற்கு மாற்றாகாது. முதல் தூணில் விளிம்பு மேலே தெரியும்படியே வையுங்கள்.

தூணின் விட்டம் 75 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அப்போது குழியைச் சுற்றி 17 மி.மீ. போலச் சுவர் கிடைக்கும். 60 மி.மீ. தூணில் சுவர் 10 மி.மீ.தான், மே மாதத்தில் அது நிச்சயம் வளையும். உயரம் உங்கள் விருப்பம். ஆனால் விட்டத்தைப்போல இரண்டு மடங்கைத் தாண்டினால் தட்டினால் சாயும் தூணாகிவிடும், குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். 75 மி.மீ. விட்டம், 12 செ.மீ. உயரம் கையாளச் சுலபமான அளவு. வெவ்வேறு உயரத்தில் மூன்று செய்து ஒரே தட்டில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும்.

என்ன மெழுகு

பாரஃபின்தான். 58 முதல் 60 டிகிரி செல்சியஸில் உருகும் முழுமையாகச் சுத்திகரித்த ரகம், பலகையாகவோ சிறு மணிகளாகவோ கிடைக்கும். 62, 64 டிகிரி ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது. பாரஃபின் கச்சா எண்ணெய்யைச் சுத்திகரிக்கும்போது பிரியும் பொருள். சென்னை மணலியிலுள்ள சுத்திகரிப்பு ஆலையும் அதைத் தயாரிக்கிறது. சிவகாசிப் பக்கம் தீக்குச்சியை மருந்தில் தோய்ப்பதற்கு முன் தோய்க்கும் மெழுகும் பாரஃபின்தான். ஆகவே தமிழ்நாட்டில் இது அரிய சரக்கில்லை. வாங்கும்போது உருகுநிலையைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் ஒரு துண்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு மெத்தென்று இருந்தால் அது இந்த வேலைக்கு உதவாது.

பாரஃபினோடு ஸ்டியரிக் ஆசிட் 10 சதவீதம் சேர்க்க வேண்டும். அது மெழுகைக் கெட்டியாக்கும், பால்வெள்ளை நிறம் தரும், ஆறும்போது நன்கு சுருங்கச் செய்து அச்சிலிருந்து விடுவிக்கும். ஒரு எச்சரிக்கை: இது அமிலம், பித்தளை, செம்புப் பாத்திரத்தோடு சேர்ந்து பச்சை பூக்கும். எவர்சில்வர் அல்லது அலுமினியப் பாத்திரம் போதும்.

சோயா மெழுகும் தேங்காய் மெழுகும் இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது. கண்ணாடிக் குவளைக்குள் ஊற்ற அவை நல்லவை. தனியே நிற்கும் தூணுக்கு, அதுவும் நம் வெயிலில், மிருதுவானவை. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல் உருகுவதால் தகுதியில் குறையில்லை, விலையும் அச்சில் ஒட்டும் குணமும்தான் இடைஞ்சல். ஜெல் மெழுகை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பழைய மெழுகு கைவசம் இருந்தால் இதைவிட நல்ல உபயோகம் அதற்கு வாய்க்காது. கோயிலில் எரிந்து மிஞ்சிய துண்டுகள், பாதியில் நின்ற பிறந்தநாள் மெழுகுவர்த்திகள் எல்லாவற்றையும் உருக்கித் திரிகளை எடுத்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் போதும். எரியும் மெழுகுவர்த்தியில் தூசும் சாம்பலும் திரியை அடைத்துவிடும். இங்கே அடைபடத் திரியே இல்லை. கலவை மெழுகின் உருகுநிலை தெரியாது என்பதால், மேல் 4 செ.மீ. மட்டும் புதிய பாரஃபினில் வார்த்து, மீதி உடலுக்குப் பழையதைப் பயன்படுத்துங்கள். சூடு படுவது மேல்பகுதியில்தான்.

எவ்வளவு மெழுகு வேண்டும்? அச்சில் நீங்கள் நினைக்கும் உயரம்வரை தண்ணீர் ஊற்றி அதை அளக்கும் குவளையில் கொட்டிப் பாருங்கள். 100 மில்லி தண்ணீருக்கு 90 கிராம் மெழுகு. மேலே சொன்ன 75 மி.மீ., 12 செ.மீ. தூண் குழி போக ஏறத்தாழ 505 மில்லி, அதாவது 455 கிராம். 450 கிராம் பாரஃபின், 50 கிராம் ஸ்டியரிக் ஆசிட் உருக்கிக்கொண்டால் கொஞ்சம் மிஞ்சும். அளந்தபின் அச்சைச் சொட்டு ஈரமில்லாமல் துடைத்துக் காயவையுங்கள்.

குழியை அச்சிலேயே வார்ப்பது

குழி போட மூன்று வழிகள் உண்டு. தூணை நிமிர்த்தி வார்த்து, மேற்பரப்பு பாதி இறுகும்போது கட்டையை அழுத்துவது ஒன்று. அதை நான் விரும்புவதில்லை. ஆறும் மெழுகு நடுவில்தான் அதிகம் சுருங்கும், நாம் அழுத்தும் இடமும் அந்த நடுதான். குழி கோணிக்கொள்ளும், அடியில் வெற்றிடம் விழும். ஏற்கெனவே வார்த்த தூணில் குடைவது இன்னொன்று, அதற்குப் பிறகு வருகிறேன். சிறந்த வழி, தூணைத் தலைகீழாக வார்ப்பது. அச்சின் தரையில் குழிக்கான கட்டையை ஒட்டிவிட்டு மேலே மெழுகை ஊற்றுகிறோம். அச்சின் தரை தூணின் தலையாகும். சுருக்கத்தால் வரும் பள்ளம் முழுதும் தூணின் அடிப்பக்கத்துக்குப் போய்விடும், யாரும் பார்க்கப்போவதில்லை. தலைப்பகுதி அச்சின் தரையைப்போலவே வழவழப்பாக வரும், குழியும் கூர்மையான விளிம்போடு அமையும்.

கட்டைக்கு உங்கள் டீலைட்டின் காலிக் கிண்ணமே போதும். அதற்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து விளிம்புவரை நிரப்பி இறுகவிடுங்கள். காலியாகவே ஒட்டினால் உள்ளே அடைபட்ட காற்று மெழுகின் சூட்டில் விரிந்து கட்டையைப் பெயர்த்துவிடும், மெல்லிய தகடும் நசுங்கும். பிளாஸ்டர் நன்றாகக் காய்ந்தபின், பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் காகித டேப்பைக் கிண்ணத்தின் பக்கச் சுவரில் 40 மி.மீ. விட்டம் வரும்வரை சுற்றுங்கள், ஏழெட்டுச் சுற்று ஆகும். மெழுகு ஆறும்போது கட்டையை இறுக்கிப் பிடிக்கும் என்பதால் இந்தக் கூடுதல் சுற்று அவசியம். கிண்ணத்தின் வாய் கீழே இருக்கும்படி அச்சின் தரையில் நட்டநடுவில் வைத்து, இரட்டைப்பக்க டேப்பாலோ எம்-சீலாலோ ஒட்டுங்கள். நடுமையத்தைக் கண்ணால் தீர்மானிக்காமல் நான்கு திசையிலும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மையம் தவறினால் ஒருபக்கச் சுவர் மெலிந்து அந்தப் பக்கமே உருகும். நிறையச் செய்யப்போகிறீர்கள் என்றால் கடைசல் பட்டறையில் மரக்கட்டை கடையச் சொல்லலாம்: அச்சின் தரையில் உட்காரும் பக்கம் 41 மி.மீ., மறுபக்கம் 40 மி.மீ. மரத்தை முதலில் உருகிய மெழுகில் ஊறவிட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மரத்திலுள்ள காற்று குமிழியாகக் கிளம்பிக் குழிச் சுவரைப் பொத்தலாக்கும்.

பிளாஸ்டர் குழைக்கும்போதே இன்னொரு காலிக் கிண்ணத்தில் 3 மி.மீ. தடிமனுக்கு ஊற்றி ஒரு வட்ட வில்லையும் செய்துவையுங்கள். முடிந்த தூணின் குழிக்குள் அந்த வில்லையைப் போட்டு, அதன்மேல் டீலைட்டை வைத்தால், கிண்ணத்தின் அடிச்சூடு நேராக மெழுகைத் தொடாது. விளிம்பும் தானாகவே மேற்பரப்புக்கு மேலே எழும்பிவிடும். கிண்ணத்தையே அளவாக வைத்து வார்த்ததால் குழியின் ஆழம் கிண்ணத்தின் உயரத்துக்குச் சமமாக இருக்கும் அல்லவா, அதைச் சரிசெய்வது இந்த வில்லைதான்.

அச்சு அலுமினியத்தில் இருப்பது உத்தமம். கடையில் கிடைக்கும் தூண் அச்சுகளில் தரையில் திரிக்கென்று ஓட்டை இருக்கும், அதை எம்-சீலால் அடைத்துவிடுங்கள். பிவிசி பைப்பிலும் செய்யலாம். 90 மி.மீ. வடிகால் பைப்பை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, பக்கவாட்டில் ஒரே ஒரு நீளக் கீறல் ரம்பத்தால் போட்டு, கீறல்மேல் டேப் ஒட்டி, இரண்டு கிளாம்பால் இறுக்கி, கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்தி அடியைச் சுற்றி எம்-சீல் வைத்துப் பூச வேண்டும். கழற்றும்போது கீறலை விரித்தால் தூண் வெளியே வந்துவிடும். ஆனால் பிவிசி 80 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். ஆகவே பைப்பில் ஊற்றும் மெழுகு 70 டிகிரியைத் தாண்டக் கூடாது. தூணின் பக்கச் சுவர் அலுமினிய அச்சில் வரும் பளபளப்போடு வராது.

உருக்குவதும் ஊற்றுவதும்

மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் ஒரு தாங்கியின்மேல் மெழுகுப் பாத்திரம் நிற்க வேண்டும். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, மெழுகும் போகாது. நேரடி அடுப்பில் மெழுகு 200 டிகிரியை எட்டினால் அதன் ஆவியே தீப்பிடிக்கும். கொதிக்கும் அறிகுறி எதையும் அது முன்கூட்டிக் காட்டாது. வெளிப்பாத்திரத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பொருத்தமான மூடி ஒன்றை அடுப்பின் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

கையில் மெழுகு பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டியிருக்கும் மெழுகைப் பிய்க்கக் கூடாது, தோல் சேர்ந்து வரும். இங்க், பேஸ்ட், மாவு எதுவும் தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பாரஃபின் உருகியபின் ஸ்டியரிக் ஆசிட்டைச் சேர்த்துத் தெளிவாகும்வரை மெதுவாகக் கலக்குங்கள். அச்சின் உட்புறம் சிலிக்கான் ஸ்ப்ரேயை லேசாக அடித்துத் துடைத்துக்கொள்ளுங்கள். சமையல் எண்ணெய் தடவினால் தூணில் திட்டுத்திட்டாகத் தெரியும். தெர்மாமீட்டர் 80 டிகிரி காட்டும்போது அலுமினிய அச்சில் ஊற்றலாம். 70க்குக் கீழே ஊற்றினால் அலுமினியச் சுவரில் பட்டதும் இறுகி வரிவரியாக நிற்கும். அச்சைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துச் சுவரோடு வழியவிட்டு ஊற்றினால் காற்று சிக்காது. ஊற்றி முடித்ததும் அச்சின் பக்கங்களைக் கரண்டிக் காம்பால் தட்டுங்கள். குறிப்பாகக் கட்டையின் மேல்முனையில் ஒட்டிய குமிழிகள் எழும்பி வர வேண்டும், அந்த இடம்தான் நாளைக்குக் குழியின் தரை.

இனி அவசரப்படாமல் இருக்க வேண்டும். பாரஃபின் இறுகும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் கன அளவில் சுருங்கும். சுமார் 505 மில்லி அச்சில் திரவமாக முதலில் கொள்வது 390 கிராம் போலத்தான், மீதி 65 கிராமும் சுருங்கிய இடத்தை நிரப்பப் போகும். மேலே ஏடு கட்டியதும் ஒரு குச்சியால் நடுவில் மூன்று நான்கு துளைகள் ஆழமாகப் போடுங்கள், கட்டையை இடிக்காத அளவுக்கு. துளைபோடாவிட்டால் ஏட்டுக்குக் கீழே மறைவாக வெற்றிடம் உருவாகும். மேலோட்டமாக நன்றாகத் தெரியும் தூண், ஒருநாள் குழியின் தரையில் உடைந்து விழும். பள்ளம் விழுந்தபின் மீதி மெழுகை முதலில் ஊற்றியதைவிட 5 டிகிரி கூடுதல் சூட்டில் நிரப்புங்கள், பிவிசி பைப் என்றால் அதே 70 டிகிரிதான். பழைய மட்டத்தைத் தாண்டி ஊற்றினால் தூணுக்கும் அச்சுக்கும் இடையே மெழுகு இறங்கி, கழற்ற முடியாமல் பிடித்துக்கொள்ளும். பெரிய தூணுக்கு இரண்டாம் முறையும் நிரப்ப வேண்டியிருக்கும்.

ராத்திரி முழுதும் ஆறட்டும். சீக்கிரம் ஆக வேண்டுமென்று ஃபிரிட்ஜில் வைத்தால் வெளிப்புறம் முந்திச் சுருங்கி விரிசல் விடும். கோடையில் 38, 40 டிகிரி வெயிலில் அச்சிலிருந்து விடுபடத் தயங்கும் என்பதால், சாயங்காலம் ஊற்றி விடியற்காலையில் கழற்றுவது நல்லது. அச்சைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினால் தூண் நழுவி வரும், கட்டை அச்சோடு நின்றுவிடும். கட்டை தூணோடு வந்துவிட்டால் கத்தியால் நெம்பாதீர்கள். தலைப்பக்கத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் வைத்தால் இளகிக் கழலும். அடிப்பக்கத்தைச் சமன்செய்ய, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் எவர்சில்வர் தட்டை வைத்து அதில் தூணை ஒரு சுற்றுத் தேய்த்தால் போதும். சிந்திய மெழுகைத் தொட்டியில் கழுவி விடாதீர்கள், குழாய்க்குள் போய் இறுகிவிடும்.

இருக்கும் தூணில் குழி போடுவது

கடையில் வாங்கிய தூண், அல்லது நடுவில் எரிந்து பள்ளமாகிப் பரணில் கிடக்கும் பழைய தூண், இரண்டுக்கும் இது மறுவாழ்வு. முதலில் திரியைக் கவனியுங்கள். குழியின் தரைக்குக் கீழே போகும்படி அதை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தை மெழுகால் மூட வேண்டும். மேலே துருத்தும் திரி, டீலைட் சிந்தினால் தானும் பற்றிக்கொள்ளும், அப்புறம் தூண் எரியத் தொடங்கிவிடும்.

தச்சரிடம் 40 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட் இருந்தால் வேலை சுலபம், தட்டையான தரையோடு குழி விழும். ட்ரில்லிங் மெஷினை ஆகக்குறைந்த வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். வேகம் கூடினால் மெழுகு இளகிப் பிட்டைச் சுற்றி அப்பிக்கொள்ளும். மெஷின் இல்லாதவர்கள் காலிக் கிண்ணத்தைத் தூணின் தலையில் நடுவில் வைத்து, அதற்குள் கொதிக்கும் தண்ணீரைச் சொட்டாகச் சிறு கரண்டியால் நிரப்பலாம். அடியில் மெழுகு இளகிக் கிண்ணம் மெல்ல இறங்கும். ஆறியதைக் கவிழ்த்து, இளகிய மெழுகைத் துணியால் ஒற்றி எடுத்து, திரும்பவும் நிரப்புங்கள். பலமுறை செய்ய வேண்டியிருக்கும். கடைசியில் கரண்டியின் ஓரத்தால் சுற்றிலும் 1 மி.மீ. சுரண்டி விட்டம் கூட்டுங்கள்.

நிறமும் அலங்காரமும்

திரி இல்லை என்பது இந்த இடத்தில் பெரிய சுதந்திரம். எரியும் மெழுகுவர்த்தியில் கிரேயான் போடக் கூடாது என்போம், அதன் நிறத்தூள் திரியை அடைக்கும். இந்தத் தூணில் கிரேயான், மெழுகில் கரையாத நிறத்தூள் எதுவும் போடலாம். அடுக்கடுக்காக வேறு நிறம் ஊற்றலாம், முந்தைய அடுக்கு தொட்டால் ரப்பர்போல அமுங்கும் நிலையில் அடுத்ததை ஊற்றினால் இரண்டும் பிரியாமல் பிடிக்கும். தலைகீழாக வார்க்கிறோம் என்பதை மறக்காமல், உச்சியில் வர வேண்டிய நிறத்தை முதலில் ஊற்றுங்கள். ஐஸ்கட்டி போட்டு ஓட்டை ஓட்டையாகச் செய்யும் தூணும் அழகாக வரும். கட்டையைச் சுற்றி 4 செ.மீ. கெட்டி மெழுகு இறுகியபின் மட்டும் ஐஸைப் போட்டு, முடிந்ததும் தண்ணீரை வடித்து முழுதும் உலரவிடுங்கள்.

காய்ந்த பூ, இலை, பட்டை, நட்சத்திர சோம்பு பதிப்பவர்கள் மேல் 5 செ.மீ. பகுதியை வெறுமையாக விட வேண்டும். உலர்ந்த இலை எரியும் பொருள், சுடரின் பக்கத்தில் அதற்கு இடமில்லை. மினுமினுப்புத் தூளுக்கும், சுற்றிக் கட்டும் ரிப்பன், சணல் கயிறுக்கும் இதே விதி. வாசனை எண்ணெய்யைத் தூணில் கலப்பது வீண். உருகாத மெழுகு வாசனையை அதிகம் வெளியிடாது, எண்ணெய் மெழுகை மிருதுவாக்குவதுதான் மிச்சம். வாசனை வேண்டுமென்றால் வாசனை டீலைட் வாங்கி வையுங்கள்.

முதல் முறை ஏற்றும்போது

யாருக்கும் கொடுப்பதற்கு முன் ஒரு முழு டீலைட் எரியும்வரை பக்கத்தில் இருந்து பாருங்கள். பீங்கான் அல்லது எவர்சில்வர் தட்டின்மேல் தூணை வைத்து ஏற்றி, அரை மணிக்கொருமுறை குழியின் ஓரத்தையும் பக்கச் சுவரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஓரத்தில் 2, 3 மி.மீ. சற்று இளகினால் கவலையில்லை, ஆறியதும் இறுகிவிடும். ஓரத்தில் திரவ மெழுகு தேங்கினாலோ, பக்கச் சுவர் வெளியே பிதுங்கினாலோ உடனே அணையுங்கள். பெரும்பாலும் கிண்ணம் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் விளிம்பு குழிக்குள் அமுங்கியிருக்கும். இரண்டும் சரியாக இருந்தும் உருகினால் மெழுகு மிருதுவானது. உடைத்து, உருகுநிலை கூடிய பாரஃபினைப் பாதி கலந்து மறுபடி வார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் அதிகம் தொல்லை தருவது மேலே சுற்றும் மின்விசிறி. காற்றில் சுடர் ஒரே பக்கம் சாய்ந்து எரியும்போது அந்தப் பக்க ஓரம் மட்டும் சூடேறி வாய்க்கால்போல உருகும். தூண் ஏற்றிய அறையில் விசிறியை நிறுத்துங்கள், முடியாவிட்டால் தூணை விசிறிக்கு நேர்கீழே இல்லாமல் மூலைக்கு மாற்றுங்கள். கல்லறைத் தோட்டத்திலும் மொட்டைமாடியிலும் தூணைவிட அகலமான, இரு பக்கமும் திறந்த கண்ணாடிக் குழலைச் சுற்றி வைக்க வேண்டும், அடியில் காற்று புக இடைவெளி இருக்கட்டும். இரண்டு தூண்களுக்கு நடுவே 10 செ.மீ. இருக்க வேண்டும். நெருக்கி வைத்தால் ஒன்றின் சூடு மற்றதைச் சாய்க்கும்.

டீலைட்டை மாற்றும்போது பழைய கிண்ணம் முழுதும் ஆறிய பிறகு எடுங்கள். உருகிய மெழுகோடு தூக்கினால் குழிக்குள் சிந்தும். சிந்தியது அடுத்த கிண்ணத்தைச் சுவரோடு ஒட்டவைத்து, விட்டிருந்த காற்று இடைவெளியை அடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் குழியை உலர்ந்த துணியால் துடைத்து, பிளாஸ்டர் வில்லை சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதியதை வையுங்கள்.

தூசு படிந்த தூணைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் பழைய பட்டுத்துணியால் தேய்த்தால் பளபளப்புத் திரும்பும். ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரைக்கு அடியிலோ வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைக்காதீர்கள். பெட்டியில் எடுத்துவைக்கும்போது படுக்கப்போடாமல் நிமிர்த்தி நிறுத்தி, குழிக்குள் ஒரு காலிக் கிண்ணத்தைச் செருகிவையுங்கள், வாய் கோணாமல் இருக்கும். அன்பளிப்பாகக் கொடுத்தால் தூணோடு அதே அளவு டீலைட் ஒரு டஜனும், வில்லையை எடுத்துவிடக் கூடாது என்று எழுதிய ஒரு சீட்டும் சேர்த்துக் கொடுங்கள்.